பரிசா, கூலியா?

திருவருகைக் காலத்தின் கடைசி வாரம். எங்கள் வீட்டு முன்னறையில் குடில் பாதி எழுந்து நின்றது. வைக்கோலைப் பரப்பி ஆட்டுக்குட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெயர்த்தி, களிமண் ஒட்டகம் ஒன்றுக்காகத் தன் தம்பியோடு மல்லுக்கு நின்றாள். சமையலறையில் அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த என் மருமகள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "சேட்டை பண்ணினால் கிறிஸ்மஸ் தாத்தா வரமாட்டார், பார்த்துக்கொள்!"

குழந்தை ஒட்டகத்தை விட்டுவிட்டாள். சற்று நேரம் ஏதோ எண்ணியவளாய் நின்றாள். பின்பு என்னருகில் வந்து, "தாத்தா, இஸ்திரிக் கடை அண்ணன் போன வருஷம் என்ன சேட்டை பண்ணினான்?" என்று கேட்டாள்.

"ஏனம்மா கேட்கிறாய்?"

"எனக்குக் கிறிஸ்மஸ் தாத்தா பொம்மை கொடுத்தார். அவனுக்கு வெறும் மிட்டாய்தானே கொடுத்தார்? அவன் மறைக்கல்வி வகுப்பில் எல்லாச் செபமும் தப்பில்லாமல் சொல்லுவானே தாத்தா!"

எனக்கு விடை வரவில்லை. எங்கள் பங்கில் மட்டுமன்றிப் பல பங்குகளிலும் நடைபெறும் ஏற்பாடு வாசகர்களுக்குத் தெரியாததன்று. கேரல் பவனி வருவதற்கு இரண்டு நாள் முன்னரே பெற்றோர் தம் பிள்ளைகளுக்கான பரிசை வண்ணத்தாளில் பொதிந்து, பெயரெழுதி, இளைஞர் குழுவினரிடம் மறைவாகக் கொடுத்துவிடுவார்கள். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் அணிந்த தாத்தா அந்தப் பொதிகளைத் தம் பையிலிருந்து எடுத்துப் பெயர் சொல்லி வழங்குவார். முன்னதாகப் பொதி கொடுத்தனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கைநிறைய மிட்டாய். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. ஆனால் குழந்தையின் கணக்கில் நாம் எண்ணாத ஒரு முடிவு கிடைத்துவிட்டது: நல்லவர்க்குப் பரிசு வரும், அவனுக்குப் பரிசு வரவில்லை, எனவே அவன் நல்லவன் அல்லன். அவளுடைய தருக்கத்தில் பிழை இல்லை. அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்த முதல் வாக்கியத்தில்தான் பிழை இருக்கிறது.

அந்த வாக்கியத்தைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறேன்.

கொடுப்பதில் இரு வகை

கொடுப்பவர் கையும் பெறுபவர் கையும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இடையில் கைமாறும் பொருள் இரு வேறு பெயர் பெறலாம். செய்த வேலைக்கு ஈடாக வருவது கூலி. எதற்கும் ஈடாக வராமல், கொடுப்பவரின் அன்பிலிருந்து மட்டுமே வருவது பரிசு. கூலியைப் பெறுகிறவன் தன் உழைப்பை நினைக்கிறான். பரிசைப் பெறுகிறவன் கொடுத்தவரை நினைக்கிறான். கூலியைக் குறைத்தால் வழக்காடலாம், அது நியாயமும்கூட. பரிசுக்கு வழக்கு இல்லை. நன்றி மட்டுமே உண்டு.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஈகை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர், இல்லாதவர்க்குக் கொடுப்பதுதான் கொடை, மற்றவை எல்லாம் அளவு பார்த்துத் திரும்பப் பெறும் எண்ணம் உடையவை என்று பிரித்துவிடுகிறார். புறநானூற்றில் முடமோசியார் என்ற புலவர் ஆய் என்னும் வள்ளலைப் புகழும்போது, இப்பிறப்பில் செய்வது மறுபிறப்பில் பயன் தரும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் இவன் என்கிறார். பாணருக்கு யானைகளையே கொடுத்த வள்ளலிடம் புலவர் கண்ட பெருமை, யானைகளின் எண்ணிக்கையன்று. கொடையின் பின்னால் கணக்குப் புத்தகம் இல்லாமை.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். திசம்பர் முதல் நாளிலிருந்து எத்தனை முறை கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம்! சோறு உண்ணாவிட்டால் புத்தாடை இல்லை. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மிதிவண்டி இல்லை. தம்பியை அடித்தால் தாத்தா வரமாட்டார். ஆண்டு முழுவதும் நாம் சொல்லி ஓய்ந்த அறிவுரைகளுக்கெல்லாம் காவலாளாகப் பெத்லகேம் குழந்தையை நிறுத்திவிடுகிறோம்.

விழா சொல்வது என்ன?

கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்புத் திருப்பலிக்கென்று திருச்சபை குறித்துள்ள நற்செய்தி, மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணையோடு தொடங்குகிறது. நீண்ட பெயர்ப் பட்டியல் என்று நம்மில் பலர் அதைப் பொறுமையின்றிக் கேட்பதுண்டு. ஆனால் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எருசலேமை மாசற்றவரின் குருதியால் நிறைத்த அரசன் மனாசே இருக்கிறான். எரிகோ நகரின் விலைமகள் இராகாபு இருக்கிறாள். தாவீதின் பாவத்தை மறைக்காமல், உரியாவின் மனைவி என்றே ஒரு தாய் சுட்டப்படுகிறாள். இறைமகன் தம் வருகைக்கு நல்ல பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைத் தேடியிருந்தால், இந்தக் குடும்பத்தில் பிறந்திருக்க முடியாது.

இடையர்களுக்கு வருவோம். மீட்பர் பிறந்த செய்தி முதலில் அவர்களுக்கே அறிவிக்கப்பட்டது. ஏன்? அவர்கள் அதிகமாகச் செபித்தார்கள் என்றோ, அதிகமாகத் தருமம் செய்தார்கள் என்றோ லூக்கா எழுதவில்லை. இரவில் கிடை காத்து விழித்திருந்தார்கள் என்று மட்டுமே சொல்கிறார். அறிவிப்பு அவர்களைத் தேடி வந்தது. அவர்கள் அதைச் சம்பாதிக்கவில்லை.

விடியற்காலைத் திருப்பலியின் இரண்டாம் வாசகம் தீத்துவுக்கு எழுதப்பட்ட திருமுகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. நாம் செய்த அறச்செயல்களை முன்னிட்டு அன்று, தம் இரக்கத்தை முன்னிட்டே கடவுள் நம்மை மீட்டார் என்பது அதன் பொருள். அருள் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை. கிறிஸ்மஸ் காலையில் பீடத்திலிருந்து நாம் கேட்பது இது. வீடு திரும்பியதும் குழந்தையிடம் நாம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தீத்து திருமுகம் விளங்காது. ஆனால் பரிசு விளங்கும். அந்த வயதில் அருளைப் பற்றி அவளுக்குக் கிடைக்கும் ஒரே மறைக்கல்விப் பாடம் வண்ணத்தாளில் பொதிந்த அந்தப் பொம்மையாகவே இருக்கலாம்.

நிக்கோலாஸ் கேட்காத கேள்வி

கிறிஸ்மஸ் தாத்தா என்று நாம் வேடமிடும் உருவத்தின் வேர் ஓர் ஆயரிடம் இருக்கிறது. இன்றைய துருக்கி நாட்டில் உள்ள மீரா நகரின் ஆயராக 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் புனித நிக்கோலாஸ். அவருடைய திருப்பண்டங்கள் 1087-இல் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுவரப்பட்டன. திசம்பர் 6 அவருடைய நினைவு நாள். அவரைப் பற்றி வழிவழியாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. வறுமையுற்ற தந்தை ஒருவர், மூன்று பெண்மக்களுக்கும் சீர் கொடுக்க வழியின்றி, அவர்களை இழிதொழிலுக்கு அனுப்பவும் துணிந்தாராம். அதை அறிந்த நிக்கோலாஸ், இரவின் இருளில் அந்த வீட்டுச் சாளரத்தின் வழியே பொன்முடிப்பை எறிந்துவிட்டு மறைந்தாராம். ஒருமுறையன்று, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒருமுறை.

அந்தப் பெண்கள் நல்லவர்களா, கீழ்ப்படிந்தார்களா என்று நிக்கோலாஸ் விசாரித்ததாகக் கதை சொல்லவில்லை. தந்தையின் தீய எண்ணத்தைக் கண்டித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றும் சொல்லவில்லை. தேவை இருந்தது; கொடுத்தார்; பெயரை மறைத்துக்கொண்டார். பிற்காலத்து ஐரோப்பாவில்தான் அவருக்குப் பக்கத்தில் பிரம்போடும் சங்கிலியோடும் வந்து குழந்தைகளை அச்சுறுத்தும் துணைவர்கள் சேர்ந்தார்கள். ஆஸ்திரியாவில் கொம்பு முளைத்த அந்த உருவத்துக்குக் கிராம்பஸ் என்று பெயர். சிவப்பு அங்கித் தாத்தா உலகெங்கும் பரவியபோது, பிரம்பு மறைந்து பட்டியல் வந்தது. நாம் பிரம்பை இறக்குமதி செய்யவில்லை. பட்டியலை இறக்குமதி செய்துவிட்டோம்.

இங்கு ஒரு கேள்வி எழலாம். பரிசை வாங்கியவர் அப்பா. கொடுப்பவர் தாத்தா என்கிறோம். இதுவே பொய்யல்லவா? பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதி, எந்தக் காரணத்துக்காகவும் பொய் கூடாது என்று வாதிட்ட புனித அகுஸ்தீனும், நூலின் தொடக்கத்திலேயே விளையாட்டுப் பேச்சைப் பொய்யின் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுகிறார். குரலும் மனநிலையுமே அது விளையாட்டென்று காட்டிவிடும் என்பது அவர் கருத்து. கொடுப்பவர் தம் பெயரை மறைத்து வேறொரு முகம் அணிவது, வலக்கை செய்வதை இடக்கை அறியாமல் செய்யச் சொன்ன ஆண்டவரின் போதனைக்கு அயலானதன்று. குழந்தை வளர்ந்து, "உண்மையில் யார் கொடுத்தார்கள்?" என்று நேராகக் கேட்கும் நாளில் நேராக விடை சொன்னால் போதும், அந்த விளையாட்டில் அவள் இழப்பது ஒன்றுமில்லை. நீ நல்லவளாயிருந்ததால் வந்தது என்னும் சொல்லோ விளையாட்டன்று. அதை நாம் முழு மனத்தோடு சொல்கிறோம். குழந்தையும் முழு மனத்தோடு நம்புகிறாள்.

ஒரு தந்தையின் தவறு

"கண்டிப்பு இல்லாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் கெட்டுப்போக மாட்டார்களா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன்.

என் மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது, கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு அண்டை வீட்டுப் பிள்ளையின் பம்பரத்தை எடுத்துவந்து மறைத்துவிட்டான். தைத்து வந்திருந்த புதுச் சட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "பம்பரத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால்தான் சட்டை" என்றேன். அவன் கேட்டான். நள்ளிரவுத் திருப்பலிக்கு அந்தச் சட்டையை அணிந்துகொண்டுதான் வந்தான். ஆனால் கோவிலில் எவரிடமும் அதைக் காட்டவில்லை. பம்பரம் திரும்பியது சரி. மன்னிப்புக் கேட்டது சரி. அதற்குச் சட்டையை விலையாக வைத்ததுதான் தவறு. அன்று அவன் அணிந்திருந்தது மன்னிப்புக்கு நான் கொடுத்த கூலி. அவனுக்குப் பரிசு கொடுக்கும் வாய்ப்பை நானே கெடுத்துக்கொண்டேன். இன்று அவன் மனைவி தன் மகளிடம் சொல்லும் வாக்கியம் எங்கிருந்து இந்த வீட்டுக்குள் வந்தது என்பதை நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்யவேண்டும்; அடித்தவன் வருந்தக் கற்கவேண்டும்; படித்த பிள்ளையைப் பாராட்டவும் வேண்டும். ஆண்டுக்கு 364 நாள்கள் அதற்கு இருக்கின்றன. அந்த ஒரு நாளையாவது கணக்கிலிருந்து விலக்கி வைப்போம் என்பதே என் வேண்டுகோள். நிபந்தனையின்மை பிள்ளைகளைக் கெடுப்பதில்லை, அளவின்மை கெடுக்கக்கூடும். கடன்வாங்கிக் குவிக்கும் பத்துப் பொருள்களுக்கு நடுவே கொடுத்தவரின் முகம் மறைந்துபோகிறது. மனமறிந்து கொடுத்த ஒரு பொருள் போதும். "உனக்கு ஏன் இதைத் தருகிறோம் தெரியுமா? நீ எங்கள் பிள்ளை என்பதற்காக" என்று ஒரு முறை சொன்னால், அந்தச் சொல் பொம்மை உடைந்த பின்னும் இருக்கும்.

வைக்கோல் எண்ணும் வழக்கம்

கத்தோலிக்கக் குடும்பங்களில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. திருவருகைக் காலத்தில் குழந்தை ஒரு நற்செயல் செய்யுந்தோறும் வெறுமையான தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோலை இடவேண்டும். பாலன் இயேசுவை நள்ளிரவில் கிடத்தும்போது மெத்தை தயாராயிருக்கும். இதுவும் கணக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் திசை வேறு. பட்டியலில் குழந்தை தனக்காகச் சேர்க்கிறாள். தொட்டியில் இன்னொரு குழந்தைக்காகச் சேர்க்கிறாள். பட்டியல் குறைந்தால் அவளுக்கு இழப்பு. வைக்கோல் குறைந்தால் இயேசுவுக்குக் குளிரும்! ஒரே நற்செயல், ஒரே எண்ணிக்கை. மனம் மட்டும் திரும்பி நிற்கிறது.

1223-இல் கிரேச்சோ என்னும் மலைச் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிறிஸ்மஸ் இரவுக்காகக் கேட்டவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே. அதே ஊரில்தான், 2019 திசம்பர் முதல் நாள், குடிலின் பொருள் குறித்த திருமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் கையொப்பமிட்டார். பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் குடிலின் வழியாகப் பிள்ளைகளுக்கு நம்பிக்கையைக் கையளிப்பதை அவர் அதில் போற்றுகிறார். கையளிப்பது எது என்பதில்தான் நாம் கவனமாயிருக்கவேண்டும்.

காலணிகளின் முன் ஒரு சிறுமி

குடும்ப வழக்கம் ஒன்று புனிதத்தின் வாயிலாக மாறிய இரவு ஒன்றைத் திருச்சபை நன்கறியும். 1886-ஆம் ஆண்டு கிறிஸ்மஸ். பிரான்சு நாட்டின் லிசியே நகரில் மார்ட்டின் குடும்பத்தார் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினார்கள். கணப்படுப்பின் அருகே குழந்தைகள் வைத்த காலணிகளில் பரிசுகளை இட்டுவைப்பது அந்நாட்டு வழக்கம். கடைக்குட்டியான தெரேசாவுக்குப் பதினான்கு வயது நிறைய ஒரு வாரமே இருந்தது. நான்கு வயதில் தாயை இழந்தவள். சிறு சொல்லுக்கும் கண்ணீர் வடிப்பவள். மாடிப்படி ஏறும்போது களைத்திருந்த தந்தையின் குரல் காதில் விழுந்தது: இவ்வளவு பெரிய பெண்ணுக்கு இந்தச் சிறுபிள்ளை விளையாட்டா, நல்லவேளை, இதுவே கடைசி ஆண்டு என்னும் பொருள்பட அவர் பேசினார். அருகிலிருந்த அக்காள் செலின், உடனே கீழே போகாதே, அழுதுவிடுவாய் என்று தடுத்தாள்.

தெரேசா கண்ணீரை விழுங்கிக்கொண்டாள். இறங்கிச் சென்று, காலணிகளைத் தந்தையின் முன் வைத்து, ஒவ்வொரு பரிசையும் மகிழ்வோடு எடுத்துக் காட்டினாள். தந்தையின் முகம் மலர்ந்தது. பத்தாண்டு முயன்றும் தன்னால் செய்ய முடியாததை அந்த ஒரு நொடியில் இயேசு செய்தார் என்று பின்னாளில் எழுதினாள். அந்த இரவையே தன் மனமாற்றம் என்றாள்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அன்றிரவு பரிசு பெற வந்த சிறுமி பரிசு கொடுப்பவளாக மாறினாள். அவள் கொடுத்தது தன் மகிழ்ச்சி. களைத்த தந்தை அதற்குத் தகுதியானவரா என்று அவள் பார்க்கவில்லை; அவருடைய சொல்லைத் தண்டிக்கவும் இல்லை. இது அவளுக்கு எப்படி வந்தது? பதின்மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் அவள் பெற்றதெல்லாம் கணக்கின்றிக் கிடைத்தது என்பதும் ஒரு காரணமாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தந்தையும் தாயும் 2015-இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். மகள், தன் வாழ்வின் மாலையில் இறைவன் முன் வெறுங்கையோடு நிற்பேன், என் செயல்களை எண்ணிப் பார்க்குமாறு கேட்கமாட்டேன் என்று 1895-இல் எழுதிய செபத்தில் வேண்டினாள். 1997-இல் திருச்சபை அவளை மறைவல்லுநர் என்று அறிவித்தது. கணக்கில்லாமல் பெறத் தெரிந்த குழந்தைதான் கணக்கில்லாமல் கொடுக்கவும் கற்றுக்கொள்கிறது.

குழந்தைக்குச் சொன்ன விடை

பெயர்த்தியின் கேள்விக்கு வருகிறேன். "அந்த அண்ணன் ஒரு சேட்டையும் பண்ணவில்லை அம்மா. தப்பு எங்களுடையது. பொம்மை உன் அப்பா வாங்கியது. தாத்தா வேடம் போட்ட அண்ணனிடம் அவர்தான் கொடுத்தனுப்பினார். அவன் வீட்டில் அப்படிக் கொடுத்தனுப்ப முடியவில்லை" என்று சொன்னேன். ஆறு வயதில் ஒரு விளையாட்டு முடிந்துபோயிற்றே என்று மருமகள் வருந்தினாள். அவள் வருத்தமும் எனக்குப் புரிந்தது. ஆயினும் ஓர் ஏழைப் பிள்ளையின் நற்பெயரைக் காட்டிலும் அந்த விளையாட்டு பெரிதன்று.

குழந்தை உடனே, "என் பொம்மையை அவனுக்குக் கொடுத்துவிடவா?" என்றாள். நல்ல மனம், ஆனால் நல்ல வழியன்று. வாசலில் நிறுத்திக் கொடுத்தால் அவன் ஏழையென்று இன்னொரு முறை அவனுக்கே சொல்வதாகும். நிக்கோலாஸ் இரவில் சென்றது எதற்காக என்பதை அவளுக்கு விளக்கினேன்.

பின்பு எங்கள் அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசினேன். பெயரெழுதிய பொதிகளை நிறுத்திவிட்டு, இயன்றவர் இயன்றதைப் பொதுவில் கொடுத்து, பவனி செல்லும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவான பொதி வழங்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். எல்லாரும் மகிழ்ந்து ஏற்றார்கள் என்று சொல்லமாட்டேன். "என் பிள்ளைக்கு நான் வாங்குவதை யார் தடுப்பது?" என்றார் ஒருவர். ஒருவரும் தடுக்கவில்லை, வீட்டுக்குள் அவரவர் விருப்பம், பங்கின் பெயரால் வரும் தாத்தாவின் பையில் மட்டும் பாகுபாடு வேண்டாம் என்றேன். முடிவில் இசைந்தார்கள். அந்த ஆண்டு பொதியில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியும் ஒரு வரைதாள் ஏடும் இருந்தன. பெரிய பொருளன்று. பொம்மை இல்லையே என்று என் பெயர்த்தியின் முகம் முதலில் சற்று வாடியதையும் மறைக்க விரும்பவில்லை. மறுநாள் விழாத் திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்தில் அவளும் இஸ்திரிக் கடைப் பையனும் குடிலின் ஒட்டகத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். அவன் ஒட்டகம் அவளுடையதைவிட நன்றாக இருந்தது. அதை அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

வீட்டில் பழைய வாக்கியம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. களைத்த நேரத்தில் மருமகளின் நாவில் அது பாதிவரை வரும். என் நாவிலும் வரும். அப்போதெல்லாம் குடிலைப் பார்த்துக்கொள்கிறோம். அங்கே கிடத்தப்பட்டிருக்கும் குழந்தை, நாம் நல்லவர்களாகும் வரை காத்திராமல் வந்துவிட்டது.